மூன்று கேன் கடல் சேறு

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும் மளிகைச் சாமான் குறிக்கவும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே எனக்கு வராது. அப்படிப்பட்டவள் கடல் ஆராய்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கை ஆழ்கடலின் தரையில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். போன மாதம் ஒரு பத்திரிகையில் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள். எந்தெந்தக் கப்பலில் போனாள், என்னென்ன கண்டுபிடித்தாள் என்று பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். அவளுடைய முதல் ஆராய்ச்சி மட்டும் பாதியில் அறுந்தது போல நிற்கிறதாம். கடலில் ஒரு ஆழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அப்போது அவளால் சொல்ல முடியவில்லையாம். திரும்பக் கப்பல் கிடைத்து அதைச் சொல்ல அவளுக்குப் பல வருஷம் ஆனதாம். ஏன் முடியவில்லை என்று அவளை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவளும் சொல்லவில்லை. அது நடந்த இடத்தில் நான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் கல்லாவி பக்கம். மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் அதுவும் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஓசூரில் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது அப்பா கட்டட வேலைக்கு வந்தார். பின்னாலேயே நாங்களும் வந்தோம். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்தேன். தங்கை படித்தாள். சேலத்தில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்தாள், அப்புறம் கடலோரத்து ஊர் ஒன்றில் மேல்படிப்பு. அதற்குப் பிறகு மேற்குக் கரையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஆழம் போர்வெல் ஆழம்தான். அவள் கப்பலில் போகப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால் போதும், கம்பியை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அவள் போயிருந்தது அரபிக் கடலுக்கு. இரண்டும் வேறு வேறு பக்கம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடல் என்றால் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

அந்தக் கப்பல் திரும்பி வந்த பிறகு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நன்றாகக் கறுத்துப் போயிருந்தாள். அம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அவ்ளோ தூரம் போய் மீனு புடிக்கறீங்களா?”

“மீனு இல்லம்மா. புழு.”

“புழுவா? புழு புடிக்கறதுக்கா சேலத்துல ஆஸ்டல்ல வச்சுப் படிக்க வச்சோம்?”

“இங்க பட்டுப்புழு வளக்கறவங்கள நீ கும்புடறியே, அது மட்டும் என்னவாம்?”

“அது பட்டு குடுக்குது. உன்னுது என்ன குடுக்குது?”

தங்கை சிரித்தாள். அப்புறம் எனக்குப் புரியும்படி சொன்னாள். இரும்புப் பெட்டி ஒன்றைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்களாம். அது தரையைத் தொட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வர அரை நாள்கூட ஆகுமாம். அந்தச் சேற்றைச் சல்லடையில் அலசினால் நூல் துண்டு மாதிரி புழுக்களும் பொடிச் சிப்பிகளும் நிற்கும். அவற்றை, ஒட்டியிருக்கிற சேற்றோடு மருந்தில் போட்டு, ரோஸ் நிறச் சாயம் கலந்து வைப்பார்கள். பிடிக்கும்போது உயிரோடு இருந்தது மட்டும் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் தேடும்போது அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

“நடுக்கடல்ல ஒரு ஆழத்துல காத்தே இருக்காதுக்கா. தண்ணியில கரைஞ்சிருக்கிற பிராணவாயுவைச் சொல்றேன். அங்க புழு ரொம்பக் கம்மி. அதையும் தாண்டிக் கீழ போனா என்ன ஆவுது? திரும்பவும் உயிரு வருதா, இல்ல அதோட முடிஞ்சு போச்சா? அதுதான் என் கேள்வி.”

“அதுக்கு பதிலு தெரியுமா?”

“கேன்ல இருக்குது. இன்னும் எண்ணல.”

மேலே, நடுவிலே, எல்லாவற்றுக்கும் கீழே என்று மூன்று ஆழத்துச் சேறு, மூன்று கேனில் இருந்தது. அவள் வேலை அவ்வளவும் அதற்குள் இருந்தது. இன்னொரு முறை கப்பலில் இடம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்தது. அலமாரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எடுத்துப் போகாவிட்டால் கொட்டிவிடுவார்கள் என்ற நிலை. கிழக்குக் கரையில் அவளுடைய பழைய கல்லூரியில் ஒரு மேசையும் மைக்ராஸ்கோப்பும் தருவதாகச் சொன்னார்களாம். கேன்களை எடுத்துக்கொண்டு ரயிலில் பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஓசூர் வந்து, இரண்டு நாள் எங்களோடு இருந்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். அவள் ரயில் ஏறிய பிறகுதான் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் ஆரம்பித்தது.

காலையிலிருந்தே ஓசூருக்கு ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு, துணி மூட்டையோடு, சிலர் செருப்புகூட இல்லாமல். கடை எரிந்தது, வீடு எரிந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, கம்பெனியில் எங்கள் கை ஓடவில்லை. என் வீட்டுக்காரர் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊத்தங்கரை போயிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி கூப்பிட்டு, உனக்குப் போன் என்றார்.

தங்கைதான். குரலை அடக்கிப் பேசினாள். பக்கத்தில் தமிழ் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிறாள் எனப் புரிந்தது.

“அக்கா, ஒரு லாரிக்காரர் அத்திப்பள்ளி வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. இதுக்கு மேல வரமாட்டேன்னுட்டாரு.”

“நடந்து வந்துரு. எல்லாரும் நடந்துதான் வர்றாங்க.”

“கேன் மூணு இருக்குதுக்கா. தூக்கிட்டு நடக்க முடியாது.”

“அத அங்கயே போட்டுட்டு வாடி. உசுரு முக்கியமா, அது முக்கியமா?”

“நீ வர்றவரைக்கும் இங்கயே நிக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். தோட்டத்து ரோஜாவைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு தினமும் விடிகாலையில் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம். தமிழில் ஆரம்பித்தால் பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். ஆனேக்கல்லில் பழைய வண்டியாக வாங்கியதால் நம்பர் பிளேட்டும் கர்நாடகா நம்பர்தான். நான் போய் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதேன். அவர் மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, சொல்றது கேளு. அந்தப் பக்கம் நான் பேசறேன், நீ வாய் தெறக்காதே. இந்தப் பக்கம் வந்தா நான் வாய் தெறக்கறதில்லை, நீதான் பேசணும். தெரிஞ்சுதா?”

தெரிந்தது என்று தலையாட்டினேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் அடிப்பார்களோ என்பது ஒரு பயம். இந்தப் பக்கம் வந்ததும் நான் பேச வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

எங்கள் பக்கத்து எல்லை ஊரான ஜூஜூவாடி தாண்டி செக்போஸ்டில் நாலைந்து போலீஸ்காரர்கள் இருந்தார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் மூடிய கடை ஒன்றின் ஓரத்தில் தங்கை நின்றிருந்தாள். அவள் காலடியில் மூன்று வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள். ரேஷன் மண்ணெண்ணெய் வாங்குவோமே, அதைவிடக் கொஞ்சம் வாய் அகலம், அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் அக்கா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தடியோடு நின்ற பையன்கள் சிலர் வண்டியிடம் வந்தார்கள். டெம்போக்காரர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் என்னவோ சொன்னார். பெண்டாட்டி, மச்சினி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவர்கள் விலகிப் போனார்கள்.

அத்திப்பள்ளி ரோட்டோரத்தில் ரோஜாக் கட்டுகள் குப்பையாகக் கிடந்தன. காலையில் பெங்களூர் போக முடியாத வண்டிக்காரர்கள் இறக்கிப் போட்டுவிட்டுப் போனவை. டெம்போக்காரர் அவற்றை அள்ளி வண்டியில் போட்டார். கேன்களின் மேல் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் பூக்கட்டுகளை அடுக்கினார்.

“பூ வண்டி அப்படின்னா யாரும் கேக்கறதில்லை” என்றார்.

அவர் அனுபவத்தில் அது உண்மை. எங்களுக்கும் நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. தங்கை பின்னால் கேன்களோடு ஏறிக்கொண்டாள். மூன்றில் ஒன்றை வண்டியின் கடைசியில், தன் கால் பக்கத்தில் இழுத்து வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செக்போஸ்டைத் தாண்டியதும் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. ஜூஜூவாடி வளைவில் ரோட்டின் குறுக்கே கல்லும் டயரும் போட்டிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். கம்பெனி யூனிபாரம் போட்டவர்கள், லுங்கி கட்டியவர்கள், அந்தப் பக்கத்திலிருந்து அன்றைக்கு அடிபட்டு வந்தவர்களின் சொந்தக்காரர்கள். எல்லாரும் நம் ஆட்கள்தான். நான்கூட, அப்பாடா, வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

“டேய், கர்நாடகா வண்டி!” என்று ஒருவன் கத்தினான்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. பெங்களூரில் அவருடைய தம்பி கடை அன்று காலை எரிந்துபோனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“என்னா லோடு?”

டெம்போக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பேச வேண்டியது நான்.

“பூ... பூங்க” என்றேன்.

“சத்தமா சொல்லு.”

“ரோஜாப்பூங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, “ஏம்பா, பெங்களூர்ல இருந்து ஓசூருக்கு ரோஜாப்பூ வருதாம்!” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நாளைக்கு ராகி வரும்டா!” என்றான் ஒருவன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் ரோஜா பெங்களூருக்குப் போகும். அங்கிருந்து ஒரு பூகூட இங்கே வந்து நான் பார்த்ததில்லை. தினமும் பூ ஏற்றிப் போகிறவருக்கும், பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்த எனக்கும், அள்ளிப் போட்டபோது அது தோன்றவே இல்லை. பயத்தில் திசைகூட மறந்துவிட்டது.

சிரிப்பு நின்றதும் பூக்கட்டுகள் ரோட்டில் விழுந்தன. சாக்கை இழுத்தார்கள். மூன்று கேன்களும் தெரிந்தன.

“பெட்ரோலுடா!”

“ஆசிட்டு. மோந்து பாரு, கண்ணு எரியுது.”

“நம்ம ஊரைக் கொளுத்த எடுத்தாறாங்கடா!”

தங்கை எழுந்து நின்றாள். “இல்லீங்க, கடல் சேறுங்க. ஆராய்ச்சிக்கு. புழுவுங்க இருக்குது உள்ள. கொட்டிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.”

“எதுக்கும்மா ஓசூருக்குக் கடல் சேறு? நம்ம ஏரியில சேறு தீந்து போச்சா?”

யாரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரர் கையை நீட்டி, கைக்கு எட்டிய கேனை இழுத்தார். அது அவள் முழங்காலில் அணைத்து வைத்திருந்தது. அவள் விடவில்லை. அவர் இன்னும் பலமாக இழுத்தார். அவள் வண்டியிலிருந்து கீழே விழுந்தாள். நான் “ஐயோ, என் தங்கச்சிங்க, கல்லாவிங்க நாங்க, தமிழுங்க!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதற்குள் மூடியைத் திருகிக் கவிழ்த்துவிட்டார்.

ரோஸ் நிறத் தண்ணீர் மண்ணில் பரவியது. அதன் பின்னால் சாம்பல் நிறச் சேறு திட்டுத் திட்டாக விழுந்தது.

“ரத்தமாடா?” என்று ஒருவன் பின்வாங்கினான். அந்த வார்த்தை கூட்டத்துக்குள் ஓடியது. இனி எங்களை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தங்கை கீழே உட்கார்ந்தபடி அந்தத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நெற்றியில் மட்டும் வேர்த்துக் கொட்டியது.

இன்னொருவன் இரண்டாவது கேனைத் தூக்கினான். அவள் சட்டென்று எழுந்தாள்.

“அண்ணா, குடுங்க, நானே தெறக்கறேன். அடி வரைக்கும் காட்டறேன். உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் கொடுத்துவிட்டான். அவள் கேனை வண்டியின் விளிம்பில் வைத்து, என் முந்தானையை இழுத்து நாலாக மடித்து, கேன் வாயில் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் கட்டியிருந்தது மெல்லிசான நூல் புடவை. கேனை மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் மட்டும் துணி வழியாக ஒழுகியது. சேறும் புழுவும் உள்ளேயே நின்றன. கப்பலில் சல்லடையில் செய்கிறதை என் புடவையில் செய்தாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், முந்தானை கேனில் கட்டுண்டு கிடக்க, நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் துணி விலகும், அதுவும் போய்விடும் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மருந்து நெடி கூட்டத்துக்குள் போனது. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், தலையில் துண்டு கட்டியவர், மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார்.

“டேய், இது பார்மலின்டா. பட்டுப்புழு ரூமுக்கு அடிக்கிற மருந்து. கெலமங்கலத்துல எங்க ஊட்டுல டின்னு டின்னா கெடக்குது. இதப் போயி பெட்ரோலுன்றீங்க.” தங்கையிடம் திரும்பினார். “ஏம்மா, புழுவுன்ற. இந்த மருந்துல போட்டா புழு செத்துருமே?”

“செத்ததுதாங்க. அழுகாம இருக்கறதுக்கு.”

“செத்த புழுவுக்கா ரெண்டு பொம்பளைங்க இந்தப் பாடு படறீங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். கூட்டம் தளர்ந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் காலியான கேனைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். கல்லை உருட்டி வழி விட்டார்கள். மூன்றாவது கேனை யாரும் தொடவில்லை.

நான் கீழே உட்கார்ந்து, மண்ணில் கிடந்த சேற்றைக் கையால் வழித்துக் காலிக் கேனில் போடப் போனேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம்க்கா.”

“முக்காவாசி இங்கதான்டி கெடக்குது. அலசி எடுத்துக்கலாம்.”

“ரோட்டு மண்ணு கலந்துருச்சு. இதுல எது கடல்ல இருந்து வந்தது, எது ஜூஜூவாடிதுன்னு நானே சத்தியம் பண்ண முடியாது. எண்ணி எழுதினா பொய்யாயிடும்.”

வண்டி கிளம்பிய பிறகுதான் கேட்டேன்.

“எது போச்சு?”

“கீழ இருந்தது.”

வீட்டுக்கு வந்ததும் அவள் மீதி இரண்டு கேன்களையும் சமையல்கட்டில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அடிச்சாங்களா, அடிச்சாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்றேன். கதவைத் திறந்தபோது தங்கையின் முகத்தில் இப்போது வேறு பயம் இருந்தது. துணியில் வடித்த நடு ஆழத்துக் கேனில் மருந்து இல்லாமல் சேறு மட்டும் இருக்கிறது, இப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் அழுகிவிடும், கடை ஒன்றும் திறக்காது என்றாள். டெம்போக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கெலமங்கலம் ரோட்டில் கலவரம் இல்லை என்றார்.

மறுநாள் கம்பெனி லீவு. டெம்போக்காரர் கெலமங்கலம் போய் ஒரு பட்டுப்புழுக்காரர் வீட்டில் ஒரு பாட்டில் பார்மலின் வாங்கி வந்தார். தங்கை அதில் தண்ணீர் கலந்து அந்தக் கேனில் ஊற்றி மூடினாள். சாயங்காலம் கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ் விட்டார்கள். இரண்டு கேன்களோடு அதில் ஏறிப் போனாள்.